வாசிக்கிறார்கள், விளங்குகிறதா?

அண்மையில் உறவினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். இரண்டாந் தரத்திற் கற்கும் அவருடைய பேரன் வாசிப்புப் பயிற்சிப் புத்தகமொன்றைக் கொண்டுவந்து எமக்கு வாசித்துக் காட்டினான். திக்கல் இல்லை; திணறல் இல்லை; றகரமும் ரகரமும் தத்தம் இடத்தில் ஒலித்தன. பாட்டனாரின் முகத்தில் பெருமிதம் தவழ்ந்தது.

கதை சிறியது. மழையில் நனைந்த நாய்க்குட்டி ஒன்று படலையடியில் நிற்கின்றது. வீட்டுச் சிறுமி ஒருத்தி அதைக் கூப்பிடுகின்றாள், அது வரவில்லை. அவள் தன் கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டு மீண்டும் கூப்பிடுகின்றாள்; அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகின்றது. இவ்வளவே.

"நாய்க்குட்டி முதலில ஏன் தம்பி வரேல்லை?" என்று கேட்டோம்.

பையன் பக்கத்தை மேலுங் கீழும் பார்த்தான். பின்னர் மறுபக்கத்தைப் புரட்டி வினாக்களைப் பார்த்தான். "அது கேள்வியில இல்லைத் தாத்தா. ரீச்சர் இன்னும் விடை எழுதித் தரேல்லை" என்றான்.

அவன் மந்தமான பிள்ளையல்லன். தெருவில் நிற்கும் நாய் தடியைக் கண்டால் ஒதுங்கும் என்பது அவனுக்கு எங்களிலும் நன்றாகத் தெரியும். ஆயினும் அந்த அறிவுக்கும் அவன் கையிலிருந்த புத்தகத்துக்கும் யாதொரு தொடர்பும் உண்டென்று அவன் எண்ணவில்லை. வாசிப்பு என்பது எழுத்தைக் கண்டு ஒலியெழுப்பும் ஒரு வேலை. விடை என்பது ஆசிரியர் கரும்பலகையில் எழுதித் தரும் ஒரு பொருள். இவ்விரண்டுக்கும் நடுவே தானும் ஏதோ செய்ய வேண்டும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கல்விச் சீர்திருத்தம் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் நாட்டில் ஓங்கி ஒலித்த காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் 2026ஆம் ஆண்டு புதிய பாடத்திட்டத்தைத் தொடங்குவதென 2025இல் அறிவிக்கப்பட்டது. அதனையொட்டிப் பாடவேளையின் நீளம் யாது, பாடசாலை எத்தனை மணிக்கு விடுதல் வேண்டும், வரலாற்றுப் பாடத்துக்கு என்ன இடம் என்பன பற்றியெல்லாம் வாதங்கள் எழுந்தன. அவை வேண்டாதன அல்ல. ஆனால், ஆறு வயதுப் பிள்ளை வாசிப்பதை விளங்கிக்கொள்ள எங்ஙனம் பழக்குவது என்ற வினா அந்த ஆரவாரத்துள் எத்துணை இடம் பெற்றது? மற்றெல்லாப் பாடங்களும் ஏறி நிற்கும் அடித்தளம் அதுவன்றோ?

ஒலியும் பொருளும்

வாசிப்பு என்பது என்ன? இதற்கு எளிய விடையொன்றை 1986ஆம் ஆண்டில் பிலிப் கோஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு அறிஞர்கள் முன்வைத்தனர். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று. சொல்லப்படும் மொழியை விளங்கும் திறன் மற்றொன்று. வாசித்து விளங்குதல் என்பது இவ்விரண்டின் கூட்டுத்தொகை அன்று, பெருக்குத்தொகை என்பது அவர்கள் கருத்து. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இங்கே பெரும் வேறுபாடு உண்டு. பத்தோடு பூச்சியத்தைக் கூட்டினாற் பத்து எஞ்சும். பத்தைப் பூச்சியத்தாற் பெருக்கினால் எஞ்சுவது பூச்சியமே. எழுத்தறியாத பிள்ளைக்கு எவ்வளவு மொழி வளம் இருந்தும் புத்தகம் திறவாது. எழுத்தெல்லாம் அறிந்த பிள்ளைக்கு அந்த மொழி விளங்காவிடின் திறந்த புத்தகமும் மூடிய புத்தகமே.

இக்குறை எளிதிற் கண்ணிற் படாது என்பதே இதிலுள்ள அபாயம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை ஆசிரியர் முதல் நாளே அறிந்துகொள்வார். கடகடவென்று வாசிக்கும் பிள்ளையை எவர் சந்தேகிப்பார்? வினாக்களுக்கு விடையும் எழுதிவிடுகிறதே என்பர். அவ்விடையின் இயல்பைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம். பொருளில்லாத சொற்களாலான ஒரு வசனத்தை நாமே ஆக்கிக்கொள்வோம்: "கிணுவன் மெழாவில் தொகலியைச் சிறவினான்." இனி வினாக்களைக் கேட்போம். தொகலியைச் சிறவியவன் யார்? கிணுவன். எங்கே சிறவினான்? மெழாவில். எதைச் சிறவினான்? தொகலியை. மூன்று வினாவுக்கும் மூன்று புள்ளி! ஆயினும் கிணுவன் என்ன செய்தான் என்பது உலகில் ஒருவருக்கும் தெரியாது. வேற்றுமையுருபைப் பார்த்து வரியிலிருந்து சொல்லைப் பெயர்த்தெடுக்கும் வித்தை அது. நம்முடைய பயிற்சிப் புத்தகங்களின் வினாக்களில் எத்தனை இந்த வித்தையை மட்டும் கேட்கின்றன என்பதை ஆசிரியர்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

எம்மொழிக்குரிய இடர்கள்

தமிழ்ப் பிள்ளைக்கு இத்துறையிற் சில வசதிகளும் உண்டு. சில இடர்களும் உண்டு. ஆங்கிலத்தைப் போல எழுதுவது ஒன்றும் ஒலிப்பது வேறொன்றுமாய் நிற்கும் தொல்லை தமிழில் மிகக் குறைவு. எழுத்துகள் 247 என்று கேட்டு அஞ்சுவாருளர். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அவை புணரும் குறிகளும் வசப்பட்டுவிட்டால் ஏனையவற்றிற் பெரும்பாலானவை தாமே வந்தமையும். ஆதலினாலேயே தமிழ்ப் பிள்ளை விரைவில் உரத்து வாசிக்கத் தொடங்குகின்றது. அதனாலேயே விளங்காமை விரைவில் மறைந்தும் கொள்கின்றது.

இடர்கள் இரண்டு. தமிழ்ச் சொல் நீண்டு வளர்வது. "போகாமலிருந்திருந்தால்" என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் செல்லும் பிள்ளை இறுதிக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடும். போனானா, போகவில்லையா என்பதோ அச்சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பாலபாடங்களை எழுதியபோது படிமுறையாகப் பாடங்களை அமைத்துச் சந்தி பிரித்த எளிய வசனநடையைக் கையாண்டது பிள்ளையின் இந்த இடரை உணர்ந்தே எனலாம். அவர்காலத்துப் பொருளும் நடையும் இன்று நமக்குப் பொருந்தாதிருக்கலாம். எழுதுபவன் வாசிக்கும் சிறுவனின் மூச்சை அளந்து எழுதல் வேண்டும் என்ற நெறி என்றும் பொருந்தும்.

மற்றைய இடர் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ஒரே சமூகம் வீட்டுக்கொரு வழக்கும் ஏட்டுக்கொரு வழக்குமாக மொழியை ஆளும் நிலையைச் சார்ல்ஸ் பேர்கசன் என்னும் மொழியியலறிஞர் 1959ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்தார். தமிழ் அத்தகைய இரட்டை வழக்கு மொழிகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளை "அவன் பள்ளிக்கூடம் போட்டான்" என்கின்றது. மலையகத்துப் பிள்ளை "போயிட்டான்" என்கின்றது. புத்தகமோ "அவன் பாடசாலைக்குச் சென்றுவிட்டான்" என்கின்றது. வாப்பா, உம்மா என்று வாய் நிறைய அழைத்து வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் தந்தை, தாய் என்பவரைச் சந்திக்கின்றது. இவையெல்லாம் ஒன்றே என்பது எமக்கு வெளிப்படை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அஃது எவரேனும் சொல்லித் தெரியவேண்டிய செய்தி. வீட்டுப் பேச்சைக் கொச்சையென்று அடக்கும் வகுப்பறையில் பிள்ளை தன் அறிவு முழுவதையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறது. நாய்க்குட்டிக் கதையைச் சொன்ன எம் பையனுக்கு நேர்ந்தது ஒருவாறு அதுவே.

அறிந்தவனுக்கே விளங்கும்

விளங்குதல் சொல்லறிவோடு முடிவதன்று, உலகறிவும் வேண்டும். இதனை அழகாகக் காட்டிய பரிசோதனையொன்றை டொனா றெக்ட், லோரன் லெஸ்லி என்போர் 1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட்டனர். ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு, அந்நாட்டவரின் பேஸ்போல் ஆட்டமொன்றைப் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்து, வாசித்ததைச் சிறு ஆடுகள மாதிரியொன்றில் நிகழ்த்திக் காட்டவும் சொல்லிக் காட்டவும் கேட்டனர். வாசிப்பில் வல்லவர், வல்லரல்லாதார், ஆட்டத்தை நன்கறிந்தவர், அறியாதவர் என நால்வகையினர் அங்கிருந்தனர். வாசிப்பிற் பின்னின்ற, ஆனால் ஆட்டத்தை அறிந்த மாணவர், வாசிப்பில் வல்லராயும் ஆட்டத்தை அறியாதிருந்த மாணவரிலும் மேலாக விளங்கிக்கொண்டனர். நம் நாட்டிலே கிரிக்கெற் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பின்வரிசைப் பையன் விளக்கக் கேட்ட ஆசிரியர்க்கு இது வியப்பாக இராது.

இந்த உண்மை நமக்குச் சங்கடமான வினாவொன்றையும் எழுப்புகின்றது. துலா மிதித்து நீரிறைக்கும் தோட்டக்காரனைப் பற்றிய பாடத்தை வடபுலத்து முதியவர் ஒரு பார்வையில் விளங்குவர். நுவரெலியாவின் லயமொன்றிற் பிறந்த பிள்ளைக்குத் துலாவும் தெரியாது, அப்பாடத்துக்குரிய தோட்டமும் தெரியாது. அப்பிள்ளைக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்தலும் நிறுத்தலும் பற்றிய பாடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் இதே கதியே. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை ஆடிக்கூழ் குடித்த பிள்ளை சுவைக்கின்றது. குடியாத பிள்ளை மனனம் செய்கின்றது. இதற்காக ஒரு பிரதேசத்துப் பாடத்தை மறு பிரதேசத்திலிருந்து விலக்குதல் பேதைமை. தெரியாத உலகை அறியவே புத்தகம் இருக்கின்றது. ஆனால், வாசிக்கு முன் பத்து நிமிடம் அவ்வுலகத்தைப் பேசிக் காட்டுதல், படம் காட்டுதல், இயலுமாயிற் பொருளையே காட்டுதல் ஆசிரியர் கடன். அதைச் செய்யாமல் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று புள்ளியைக் குறைப்பது, பிள்ளை பிறந்த ஊருக்காக அதனைத் தண்டிப்பதாகும்.

கற்பிக்கிறோமா, சோதிக்கிறோமா?

டொலோரஸ் டேர்க்கின் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை நேரில் இருந்து அவதானித்து 1978-79இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாசிப்புப் பாடத்துக்கெனச் செலவான நேரத்தில், விளங்கிக்கொள்வது எவ்வாறு என்பதைக் கற்பித்த நேரம் நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லை என்று அவர் கண்டார். ஆசிரியர்கள் சோம்பியிருக்கவில்லை, ஓயாது வினாக் கேட்டுக்கொண்டே இருந்தனர். விடை சரியா பிழையா என்று சொன்னார்களேயன்றி, விடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்லவில்லை. அதாவது சோதனை நடந்தது, கற்பித்தல் நடக்கவில்லை.

எமது வகுப்பறைகளுக்கு இவ்வுரை அந்நியமானதன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் இன்று மூன்றாந் தரம் வரை நீண்டு விழுகின்றது. மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக விற்பனையாகின்றன; மாலையில் ரியூசன் வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. ஒரு பந்தியும் ஐந்து வினாவும், மறுபடி ஒரு பந்தியும் ஐந்து வினாவும் என நூறு தாள்களைச் செய்த பிள்ளை நூற்றோராவது தாளை வேகமாகச் செய்யும். ஒரு முழுக் கதைப் புத்தகத்தை ஆசையோடு வாசிக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை.

பழைய திண்ணைப் பள்ளிகள் மனனத்தையே போற்றின என்று குறை கூறுவது இக்கால வழக்கம். அக்குறையிற் பாதியே உண்மை. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதலில் நெட்டுருவாயின. பின்னர்ப் பதவுரை வந்தது, அதன்பின் பொழிப்புரை வந்தது. மனனம் செவிக்குப் பயிற்சியையும் சொல்லுக்குச் சேமிப்பையும் தந்தது. அவ்வுரைகளும் ஆசிரியர் வாயிலிருந்தே வந்தன, மாணாக்கன் தானே தேடவில்லை என்பது அம்முறையின் குறை. நாம் செய்ததோ, நெட்டுருவை வைத்துக்கொண்டு உரையைக் கைவிட்டது. முன்பு செய்யுளை நெட்டுருப் பண்ணினோம். இன்று வினாவுக்குரிய விடையை நெட்டுருப் பண்ணுகிறோம். இது முன்னேற்றமாகாது.

செய்யத்தக்கவை

பரிகாரம் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. ஆசிரியரும் பெற்றோரும் நாளையே தொடங்கத்தக்க சிலவற்றை மட்டும் கூறுவோம்.

முதலாவது, பிள்ளைக்கு வாசித்துக் காட்டுதல். ஆறு வயதுப் பிள்ளை தானாக வாசிக்கக்கூடிய வசனம் சிறியது. ஆனால் கேட்டு விளங்கக்கூடிய கதையோ மிகப் பெரியது. பிள்ளை வாசிக்கக் கூடியதை மட்டுமே வகுப்பில் வைத்திருந்தால் அதன் மொழி வளர்ச்சி அரிவரியோடு நின்றுவிடும். நாள்தோறும் கால்மணி நேரம் நல்ல கதையொன்றை ஏட்டு வழக்கிலேயே வாசித்து, இடையிடையே பேச்சு வழக்கில் உரையாடினால், இரு வழக்குகளுக்கும் நடுவே தானாகப் பாலம் அமையும்.

இரண்டாவது, வினாவின் இயல்பை மாற்றுதல். "அம்மா வானத்தைப் பார்த்தாள். கொடியிற் கிடந்த உடுப்புகளை அவசரமாக எடுத்தாள்" என்பது பாடமாகட்டும். அம்மா எதைப் பார்த்தாள் என்ற வினாவுக்கு விடை வரியில் இருக்கிறது. ஏன் அவசரப்பட்டாள் என்பதற்கான விடை வரிகளுக்கிடையில் இருக்கிறது. மழை என்ற சொல்லே பாடத்தில் இல்லை. நீ வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்பதற்கான விடை பிள்ளையிடம் இருக்கிறது. மூன்றும் வேண்டும். இரண்டாம் வினாவுக்குப் பிள்ளை "மழை வரப்போகுது" என்றால், "எப்படித் தெரியும்?" என்று மேலும் ஒரு வினாக் கேட்டல் வேண்டும். அந்த நான்காம் வினாவே ஆசிரியரின் உண்மையான கற்பித்தல்.

மூன்றாவது, பிள்ளைகளே வினாக் கேட்கப் பழக்குதல். அன்மரி பலின்சார், ஆன் பிறவுண் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, எழுத்தைச் சரளமாக வாசித்தும் பொருள் விளங்காது இடர்ப்பட்ட ஏழாம் வகுப்பு மாணவரைப் பற்றியது. சுருக்கிச் சொல்லல், வினா எழுப்பல், விளங்காததைத் தெளிவுபடுத்தல், அடுத்து வருவதை ஊகித்தல் என்னும் நான்கையும் முதலில் ஆசிரியர் செய்து காட்டினார். பின்னர் மாணவர் முறை வைத்து ஆசிரியர் ஆசனத்தில் அமர்ந்தனர். அவர்களின் விளக்கம் தெளிவாக உயர்ந்தது. ஏழாம் வகுப்பில் மருந்தாகப் பயன்பட்டதை இரண்டாம் வகுப்பிற் கதை கேட்கும் வேளையில் விளையாட்டாகத் தொடங்குவதில் தடையென்ன? "இனி என்ன நடக்கும்?" என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் ஒரு கணம் காத்திருப்பதற்குப் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, பாட்டிமாருக்கும் அது கைவந்த கலையே.

நான்காவது, "விளங்கவில்லை" என்ற சொல்லுக்கு வகுப்பறையில் மரியாதை கொடுத்தல். தனக்கு விளங்கவில்லை என்பதை அறிவதே விளக்கத்தின் தொடக்கம். எம் வகுப்புகளில் அச்சொல்லைச் சொன்ன பிள்ளை ஏச்சு வாங்கும். சொல்லாத பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாகத் திகழும்.

இத்தனைக்கும் எழுத்துப் பயிற்சியைப் புறக்கணித்தல் கூடாது. எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்குப் பொருளைச் சிந்திக்கக் கவனம் எஞ்சாது. எழுத்தா பொருளா என்பது பொய்யான வழக்கு. முதல் நாளிலிருந்தே இரண்டும் கைகோத்துச் செல்லல் வேண்டும்.

காலம் காத்திராது

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களை ஒருங்கே மேய்க்கும் சிறு பாடசாலைகள் வன்னியிலும் மலையகத்திலும் இன்றும் உள்ளன. ஆனால் கதை வாசித்துக் காட்டுதல் நாற்பது பேருக்கும் ஒரே வேளையில் நடக்கக் கூடியது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வாசிப்பதைப் பல்தர வகுப்பு எளிதிற் செய்யும். வகுப்புக்கு ஒரு பெட்டி கதைப் புத்தகம் கொடுப்பதும், அது அலுமாரியிற் பூட்டப்படாமல் பிள்ளையோடு வீட்டுக்குப் போகவிடுவதும் அதிகாரிகள் பொறுப்பு. புத்தகம் கிழிந்தால் ஆசிரியரிடம் கணக்குக் கேட்கும் வழக்கம் ஒழிந்தாலன்றி அந்தப் பூட்டுத் திறவாது.

இது அவசரமானது என்பதற்குக் காரணமுண்டு. உலக வங்கியும் ஐக்கிய நாடுகளின் கல்வி, சிறுவர் அமைப்புகளும் பிறவும் சேர்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, வருமானத்திற் குறைந்த, நடுத்தர நாடுகளில் பத்து வயதாகியும் எளிய பகுதியொன்றை வாசித்து விளங்க இயலாத பிள்ளைகள் நூற்றுக்கு எழுபதளவினர் என மதிப்பிட்டது; கொள்ளைநோய்க்கு முன் இது 57 ஆக இருந்தது. அம்மதிப்பீடு பல நாடுகளைச் சேர்த்தது. இலங்கைக்கு அதே எண்ணைப் பொருத்துதல் தவறு. ஆயின் நாமும் அதே காலத்தைக் கடந்தே வந்தோம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதலாந் தரத்திற் காலடி வைத்த பிள்ளைக்கு மார்ச்சிற் பாடசாலை மூடப்பட்டது. அடுத்த ஆண்டும் பெரும்பகுதி கைத்தொலைபேசித் திரையிற் கழிந்தது. திரையில்லா வீட்டில் அதுவுமில்லை. 2022இல் எரிபொருளும் கடதாசியுமில்லாத காலம் வந்தது. எழுத்தும் கதையும் கைகூடவேண்டிய மூன்று ஆண்டுகள் அப்பிள்ளைக்கு அங்ஙனம் கழிந்தன. அத்தலைமுறை இன்று இடைநிலை வகுப்புகளில் விஞ்ஞானமும் வரலாறும் படிக்கின்றது. அங்கே விளங்காமல் விழிக்கும் பிள்ளையைப் பாடத்தில் நாட்டமில்லாதவன் என்று ஒதுக்குமுன், அவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்பதை ஒருமுறை பார்த்தல் வேண்டும். விளங்காத புத்தகத்தின் முன் ஐந்தாறு ஆண்டுகள் அமர்ந்திருந்த பிள்ளை ஒருநாள் பாடசாலைக்கு வராமல் நின்றுவிடும். காரணம் வறுமையென்று பதிவாகும்.

அன்று புறப்படுமுன் எம் உறவினரின் பேரனிடம் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னோம். "நீ அந்த நாய்க்குட்டி. மழை பெய்யுது. படலையடியில நிக்கிறாய். என்ன தெரியுது?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தான். "அந்தப் பிள்ளையின்ர கையில தடி இருக்கு" என்றான். பின்னர் ஒருவரும் சொல்லாமலே புத்தகத்தைத் திறந்து, அந்த வரி இருந்த இடத்தைத் தேடத் தொடங்கினான்.